‘மறுகா சொல்றன்’: காது கேளாத அக்காவைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கடை. முன்பக்கம் என் போட்டோகொப்பி மெஷின், பின்பக்கம் அக்காவின் தையல் மெஷின். அக்காவுக்குக் காது கேட்காது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவுச் சட்டையை அவரிடம் நீட்டிவிட்டுக் கேள்வியை என்னிடம் கேட்பார்கள். அவர் முன்னாலேயே, அவரைப் பற்றியே. அக்கா ஊசியில் நூலைக் கோத்தபடி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். பல வருஷமாக அதே கேள்விகள், அதே பதில்கள். கொப்பி அடிப்பது மெஷினின் வேலை, என் வாயின் வேலையில்லை என்று ஒருநாள் தோன்றியது. அதனால் எழுதிவிட்டேன்.

வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: ‘மறுகா’ என்றால் எங்கள் பக்கத்தில் ‘பிறகு’. இதில் அது அடிக்கடி வரும்.

பிறந்ததிலிருந்தே இப்படியா?

இல்லை. பதினொரு மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. இப்படிப் பிறந்த பிறகு வருவதும் உண்டு, பிறவியிலேயே இருப்பதும் உண்டு. நிறைமாதத்துக்கு முன் பிறப்பது, பிறந்த உடனே கடுமையான மஞ்சள் காமாலை, ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள், காதில் சீழ் வடிவதைக் கவனிக்காமல் விடுவது என்று காரணம் பல.

தாய் கர்ப்பமாக இருக்கும்போது வரும் ருபெல்லா ஒரு காலத்தில் பெரிய காரணமாக இருந்தது. தாய்க்கு இலேசான காய்ச்சலும் சிவந்த தடிப்பும்தான் வரும், வயிற்றில் உள்ள பிள்ளைக்குக் காதும் கண்ணும் இதயமும் பழுதாகும். இலங்கையில் 1996இல் பெண்களுக்கு ருபெல்லா ஊசி போடத் தொடங்கினார்கள். 2020இல் இங்கே ருபெல்லா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிளினிக்கில் ஊசிக்கு வரிசையில் நின்று அலுத்துக்கொள்ளும் தாய்மாருக்கு இதை ஒரு தடவை சொல்லி வைப்பது நல்லது.

பரம்பரையாலும் வரும். கொனெக்சின் 26 என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் பழுது இருந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் அந்த ஆளுக்குக் காது கேட்கும். அப்படிப் பழுதை உள்ளே வைத்திருக்கும் இரண்டு பேர் கட்டினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் காது கேளாமல் போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் மச்சானும் மச்சாளும் கட்டும்போது இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருக்கிற வாய்ப்புக் கூடுகிறது. வேறு ஒன்றுமில்லை. செய்வினை இல்லை, கண்ணூறு இல்லை, தாய் செய்த பாவமும் இல்லை. வந்த விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைக்கிற மந்திரம் தெரிந்த ஊர் என்று மட்டக்களப்புக்குப் பெயர். அக்காவின் காதுக்கு அம்மா அந்த மந்திரகாரர் வாசல் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். பாயும் ஒட்டவில்லை, காதும் திறக்கவில்லை, அம்மாவின் காப்புத்தான் அடகுக்குப் போனது.

காதில் மெஷின் போட்டால் கேட்காதா?

எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்தது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க, தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியைக் காதோடு வைப்பார்கள். சத்தம் துடுப்பு வழியாக ஏறி வரும். காதுக்குள்ளும் அப்படித்தான்: செவிப்பறையும் மூன்று சின்ன எலும்பும் துடுப்பு. அவை சத்தத்தை உள்காதுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே நத்தை ஓடு மாதிரி ஒன்றுக்குள் மயிர் போன்ற நுண்ணிய கலங்கள் அதை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும். துடுப்பில் பழுது என்றால் மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ பெரும்பாலும் சரிசெய்யலாம். வாங்குகிற கலங்கள் செத்துப் போனால் அவை திரும்ப முளைப்பதில்லை.

காது மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், தெளிவைக் கூட்டித் தராது. கொஞ்சமாவது கலங்கள் மிஞ்சியிருப்பவருக்கு அது பெரிய உதவி. அக்காவுக்கு மிஞ்சியது மிகக் குறைவு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த மெஷினில் அவருக்குக் கேட்டது லொறி ஹோனும் கதவு அடிபடுவதும்தான். பேச்சு ஒரு இரைச்சல், தலைவலி. பதினேழு வயதில் கழற்றி அலுமாரியில் வைத்தார். ‘போட்டுக்கொள்ளச் சொல்லுங்களன்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கால் வலிக்கிற செருப்பை யாராவது அப்படி வற்புறுத்துவார்களா?

பிள்ளைக்கு மெஷின் வாங்கியவர்களுக்கு அனுபவத்தில் இரண்டு விஷயம். எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். இரவில் பெற்றரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவுக்குள் மெஷினை வையுங்கள். அந்தப் பெற்றரி காற்றுப் பட்டு வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். மற்றது, மெஷின் ‘கீ’ என்று கத்தினால் அது பெரும்பாலும் பழுதில்லை. பிள்ளை வளர்ந்து காதின் அச்சு தொளதொளத்துவிட்டது, அவ்வளவுதான். புது அச்சு எடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் காலத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கத்துகிறதே என்று அப்பா ஒரு வருஷம் மெஷினை நிறுத்தியே வைத்திருந்தார்.

உள்காதுக்குள் வைக்கும் கொக்ளியர் கருவி வேறு. செத்த கலங்களைத் தாண்டி நரம்பை நேரடியாகத் தூண்டும். பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு ஒரு வயதை ஒட்டிச் செய்தால் நல்ல பலன், பிந்தப் பிந்தக் குறையும். வைத்த பிறகு வருஷக் கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும், வெளிக்கருவிக்குச் செலவும் தொடரும். நாற்பது தாண்டிய அக்காவுக்கு ‘அதைச் செய்யலாமே’ என்று பேப்பரில் படித்துவிட்டு வந்து சொல்லாதீர்கள்.

எங்கள் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தலைக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஏமாந்தோம். தட்டும்போது அக்கா திரும்பினாராம், அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். தட்டின் நிழல் சுவரில் ஆடியதைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம், பலகைக் கட்டிலின் அதிர்வு பட்டிருக்கலாம். கேளாத பிள்ளையின் கண் அவ்வளவு வேகம்.

பிறந்து ஒன்றிரண்டு நாளிலேயே பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தூங்குகிற பிள்ளையின் காதில் மெல்லிய முனையை வைத்து ஒரு சத்தம் விடுவார்கள். உள்காது நன்றாக இருந்தால் அது திருப்பி ஒரு சின்ன எதிரொலி தரும், கருவி அதைப் பிடிக்கும். வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்பது உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. சந்தேகம் வந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் நடப்பது என்ன? ‘தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்’ என்பார்கள். ‘நாக்குக்குக் கீழே வெட்டிவிட்டால் பேசும்’ என்பார்கள். ‘வெள்ளாமை வெட்டு முடியட்டும், மறுகா பாப்பம்’ என்பார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பட்டினத்துக்கு வந்து போவது ஒரு நாள் கூலியைத் தின்னும் என்பது எனக்குத் தெரியும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் முன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வர வேண்டியிருந்ததும் தெரியும். ஆனாலும் மூளை மொழியைப் பிடிக்கிற முதல் வருஷங்கள் வெள்ளாமை வெட்டு முடியும்வரை நிற்பதில்லை.

சைகை பழக்கினால் பிள்ளை பேசாமலே போய்விடுமாமே?

இது பழைய பயம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு ஒன்று கூடி, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுத்தான் என்று தீர்மானம் போட்டது. வாக்குப் போட்டவர்கள் அநேகமாக எல்லோரும் காது கேட்கிறவர்கள். அதன் நிழல் நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க விழுந்தது. 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசுகள் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருஷம் பிந்தி!

சைகை பேச்சைக் கெடுப்பதில்லை. பிள்ளைக்கு ஏதோ ஒரு மொழி முழுதாக, நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைப் படிக்கலாம். ஒன்றுமே இல்லாமல் ஐந்தாறு வருஷம் போவதுதான் நஷ்டம். அக்காவுக்கு அதுதான் நடந்தது. ஒன்பது வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அவருக்கு எங்கள் வீட்டுச் சைகைகள் நாற்பதோ ஐம்பதோ தவிர வேறு மொழி கிடையாது. சோறு, தண்ணி, படு, அடிப்பேன், கடல், மாடு. இவ்வளவை வைத்துக்கொண்டு ‘ஏன்’ என்று கேட்க முடியாது.

விடுதியில் பகலில் ரீச்சர்மார் வாயைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மொழி வந்தது இரவில். விளக்கை அணைக்கச் சொன்ன பிறகு, ஜன்னலால் விழும் நிலா வெளிச்சத்தில், பெரிய அக்காமார் கையால் கதை சொல்வார்களாம். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவர் ஓயவே இல்லை. கை பறந்தது. எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் முன்னால் செவிடர்களாக நின்ற முதல் நாள் அது.

இலங்கையில் இந்தப் படிப்பு 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண் தொடங்கிய பள்ளிக்கூடத்தோடு வந்தது. அதுதான் இன்று இரத்மலானையில் இருப்பது. வடக்கில் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இலிருந்து நடக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மட்டக்களப்பு வை.எம்.சி.ஏ.யின் வாழ்வோசைப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

வாயசைவைப் பார்த்தே எல்லாம் விளங்குமாமே?

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மாடு’. இனி ‘படி, மடி’. ‘பரம், மரம்’. வித்தியாசம் தெரிகிறதா? ‘பாப்பா’வும் ‘மாமா’வும் உதட்டில் ஒரே ஆள். க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பவை, உதட்டில் தெரியவே தெரியாது. மீசையும் வெற்றிலையும் மிச்சத்தை மறைக்கும். 2020இல் மாஸ்க் வந்தபோது அதுவும் போனது.

பாதி உதட்டில், பாதி ஊகத்தில் பிடிக்கிற வித்தை இது. ஒருநாள் கடையில் ஒரு அம்மா, ‘மாமாவுக்கு உடம்பு சரியில்லை’ என்றார். அக்கா உள்ளே போய்ப் பாப்பாவுக்கு என்று ஒரு பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார், ஏன் என்று தெரியாமல்.

சைகை என்பது நடிப்புத்தானே? உலகம் முழுக்க ஒன்றா?

நடிப்பில்லை, மொழி. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்ற பேராசிரியர் 1960இல் இதைப் பிரித்துக் காட்டினார்: கையின் வடிவம், வைக்கிற இடம், அசைவு என்று துண்டுகள் சேர்ந்து சொல்லாகின்றன, நாம் எழுத்துகளைச் சேர்ப்பது மாதிரி. முகமும் இலக்கணம்தான். அக்கா ‘கடை, நீ, போ’ என்று கை காட்டிப் புருவத்தை உயர்த்தினால் ‘கடைக்குப் போகிறாயா’, தலையை இடம்வலமாக ஆட்டினால் ‘கடைக்குப் போகாதே’. முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று.

யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்துக் கொடுத்ததும் இல்லை. நிக்கராகுவாவில் 1977க்குப் பிறகு காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அவரவர் வீட்டுச் சைகைகளைக் கலந்து தாங்களே ஒரு புது மொழியை உண்டாக்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் பிறகுதான் கவனித்தார்கள்.

உலகம் முழுக்க ஒன்றல்ல. பிரித்தானியரும் அமெரிக்கரும் பேசுவது ஆங்கிலம், ஆனால் அவர்களின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று விளங்காது. ஆங்கில எழுத்தைக் காட்டப் பிரித்தானியருக்கு இரண்டு கை வேண்டும், அமெரிக்கருக்கு ஒன்று போதும். இலங்கையிலும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சைகைகள் மாறும். அப்படியிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அம்பாறைப் பட்டினத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு சிங்களப் பெண்ணின் கை அசைவை அக்கா தூரத்திலேயே பிடித்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் காது கேட்கிற புருஷனும் காது கேட்கிற நானும் ஆளை ஆள் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த நிறுத்தத்தில் மொழி தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எழுதிக் காட்டினால் போதாதா?

அக்காவுக்குத் தமிழ் இரண்டாம் மொழி. பிறமொழிக்காரர் தமிழ் படிப்பது போலத்தான் படித்தார், அதுவும் காதால் ஒரு தடவைகூடக் கேட்காமல். நமக்கு ‘கடையில், கடைக்கு, கடையால்’ என்பது நாக்கில் தானாக வரும். அவர் ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ண வேண்டும். அதோடு தமிழில் புத்தகம் ஒன்று, வாய் ஒன்று. பாடப் புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’, அம்மாவின் உதட்டில் ‘வந்திட்டாங்க’. கேட்கிற பிள்ளை இரண்டும் ஒன்றென்று ஐந்து வயதில் பிடித்துவிடும். உதட்டில் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

அவர் அனுப்பும் வட்ஸ்அப் இப்படியிருக்கும்: ‘நாளை துணி கல்முனை நான் போ. நீ கடை இரு.’ இதைப் படித்துவிட்டு ‘பாவம், படிப்பில்லை’ என்பார்கள். சைகையில் அவர் சொல்வதை இதே ஆட்களுக்குச் சோதனை வைத்தால் ஒருவரும் பாஸ் பண்ணமாட்டார்கள். ஆகவே எழுதுங்கள், ஆனால் சின்ன வசனமாக. ‘வந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்’ வேண்டாம். ‘நாளை 4 மணி. வாருங்கள்.’ போதும்.

‘ஊமை’ என்று சொல்லலாமா?

வேண்டாம். அக்காவுக்குக் குரல் இருக்கிறது, என் மகன் பயப்படுகிற அளவுக்கு. அரச கடிதங்களில் ‘செவிப்புலன் வலுவிழந்தோர்’ என்று வரும். நாங்கள் ‘காது கேளாதவர்’ என்போம். பெயரைச் சொன்னால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லோரும் அன்பாகத்தானே இருக்கிறீர்கள், அவருக்கு என்ன குறை?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

காது கேளாத பிள்ளைகளில் 100க்கு 90க்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அதாவது, பெரும்பாலானவர்கள் தங்கள் மொழி தெரியாத வீட்டில் வளர்கிறார்கள். சோறும் உடுப்பும் குறையாது. குறைவது பேச்சு. இரவுச் சாப்பாட்டில் மாமா ஒரு பகிடி சொல்வார், எல்லோரும் சிரிப்போம். அக்கா என் முழங்கையைத் தட்டி ‘என்ன’ என்பார். நான் உள்ளங்கையை அவர் பக்கம் காட்டி இரண்டு தரம் தள்ளுவேன். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம்: மறுகா சொல்றன். சாப்பாடு முடியும், பகிடி மறந்துபோகும், அந்த மறுகா வராது. வந்தாலும் சுருங்கி வரும்: ‘மாமா மாட்டைப் பற்றிச் சொன்னார்.’ அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி நாங்கள் பாண்டிருப்பில் பெரியம்மா வீட்டில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். அக்கா கிணற்றடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். சனம் ‘கடல் வருது’ என்று கத்திக்கொண்டு ஓடியது. அம்மா திரும்பி ஓடிப்போய் அவரின் கூந்தலைப் பிடித்து இழுத்தார். ஏன் இழுக்கிறாய் என்று அக்கா சண்டை பிடித்துக்கொண்டே ஓடி வந்தார், கையில் சோப்போடு. றோட்டுக்கு ஏறி, லொறியில் ஏறி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே எல்லோரும் அழுதார்கள். அக்கா ஒவ்வொருவராகத் தட்டிக் கேட்டார். ஒவ்வொருவரும் உள்ளங்கையைக் காட்டினோம். சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, சுற்றிவளைப்பு நடக்கிறது என்றே முதல் நாள் முழுக்க நினைத்திருந்தாராம். பெரியப்பா இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது மூன்றாம் நாள். அதையும் நாங்கள் சொல்லவில்லை, பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்துத் தானே விளங்கிக்கொண்டார்.

கெட்ட மனதால் யாரும் செய்யவில்லை. அழுதுகொண்டிருந்தோம், களைத்திருந்தோம். ஆனால் மற்ற எல்லோருக்கும் கேட்காமலே கிடைத்த செய்தி அது.

இப்போது போன் இருக்கிறதே, பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

பாதி தீர்ந்தது. வீடியோ கோல் வந்த பிறகுதான் அக்கா தன் விடுதித் தோழிகளைத் திரும்பக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஐந்தாறு பேர் ஒரே திரையில், வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியொரு சந்தடி.

வெளிச்சம் மட்டும் வேண்டும். 2022இல் கறண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனதே, அந்த இரவுகளில் நாங்கள் முற்றத்தில் பாயைப் போட்டு இருட்டில் கதைத்துக்கொண்டிருந்தோம். விசிறியும் டீவியும் இல்லாதது நல்லதுதான் என்றுகூட அப்பா சொன்னார். அக்காவும் அத்தானும் ஒரு போன் ரோச்சை இரண்டு பேர் கைக்கும் நடுவில் நிறுத்தி வைத்துப் பேசுவார்கள். சார்ஜ் இறங்கியதும் அவர்களின் பேச்சு முடிந்துவிடும்.

கலியாணம் கட்டியவரா! பிள்ளை அழுதால் எப்படித் தெரியும்?

அந்த ஆச்சரியக்குறியை நான் போடவில்லை, கேட்பவர்கள் போடுவது. அத்தான் ஆலையடிவேம்புக்காரர், அவருக்கும் காது கேட்காது. கேட்கிற மாப்பிள்ளைகளும் பேசி வந்தார்கள். அவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை, சீதன வீட்டைப் பார்த்தார்கள். ‘பேசத் தெரிந்த ஆளைத்தான் கட்டுவேன்’ என்றார் அக்கா. அவர் சொன்ன பேச்சு எது என்று அம்மாவுக்கு விளங்கச் சில நாள் எடுத்தது.

மகன் பிறந்தபோது ஏணையில் ஒரு நூலைக் கட்டி மற்ற நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பார். தையல் நூல்தான், நாலு இழை முறுக்கியது. பிள்ளை காலை உதைத்தால் மணிக்கட்டு இழுபடும். காது கேட்கிற நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன், அவர் எழும்பிப் பால் கொடுத்து முடித்திருப்பார். மகனுக்குக் காது நன்றாகக் கேட்கும். காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். எட்டு மாதத்தில் ‘பால்’ என்று கையால் சொன்னான், ‘அம்மா’ என்று வாயால் சொன்னது அதற்குப் பிறகு.

கோயிலுக்கு வந்து அவருக்கு என்ன விளங்கும்?

மண்டூருக்கு வந்து பாருங்கள். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், திரைக்குப் பின்னால் பூசை செய்கிற கோயில். அங்கே எங்களுக்கு விளங்குவதும் அக்காவுக்கு விளங்குவதும் ஒரே அளவு. குருமண்வெளித் துறையில் பாதையேறிப் போகும்போதே முகம் மாறிவிடும் அவருக்கு.

ஆஸ்பத்திரி, பொலிஸ், கோர்ட் என்று போனால்?

ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. சைகை மொழியும் மொழியே என்று அதில் எழுதியிருக்கிறது. நமது அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. நியூசிலாந்து 2006இலும் தென்னாபிரிக்கா 2023இலும் தங்கள் சைகை மொழியை அரச மொழியாக்கின. வேடிக்கை என்னவென்றால், கோர்ட்டு விஷயத்தில் நம்மிடம் இருக்கிற பழைய சட்டமே பரவாயில்லை: 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், பேச இயலாதவர் எழுதியோ சைகையாலோ திறந்த மன்றில் சாட்சி சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியாகவே கொள்ளப்படும் என்கிறது.

நடைமுறை வேறு. ஒரு ஆஸ்பத்திரியில் அக்காவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, ஆள் இல்லை என்று அட்டையை அடியில் வைத்தார்கள். அவர் முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். இப்போது போனவுடனேயே ‘எனக்குக் காது கேட்காது, கையால் கூப்பிடுங்கள்’ என்று எழுதிய துண்டைக் கொடுத்துவிடுவார். நான்தான் அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. உள்ளே நான் துணைக்குப் போனாலும் டொக்டர்மார் என்னைப் பார்த்தே பேசுவார்கள். பொம்பிளைப் பிரச்சினையைத் தங்கச்சி வாயால் சொல்ல அவருக்கு எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

அவசரத்துக்கு 119, 1990, அனர்த்தத்துக்கு 117 என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். எல்லாம் பேசிச் சொல்ல வேண்டிய நம்பர்கள். புயலோ வெள்ளமோ வந்தால் கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஸ்பீக்கரில்தான் அறிவிப்பார்கள். உங்கள் ஒழுங்கையில் காது கேளாதவர் இருந்தால், ஓடிப்போய்த் தட்டிச் சொல்வதற்கு ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். கிராம சேவகரிடமும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

சரி, கடைக்கு வந்தால் அவரோடு எப்படிக் கதைப்பது?

கத்தாதீர்கள், கத்தினால் வாய் கோணும், அவ்வளவுதான். முன்னால் வந்து கையை ஆட்டுங்கள், அல்லது தோளில் தொடுங்கள். சுவிட்சை ஒரு தடவை போட்டு அணைத்தாலும் பார்ப்பார். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நில்லுங்கள், முதுகில் அல்ல. விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், விளங்கியமாதிரித் தலையாட்டாதீர்கள். அந்தத் தலையாட்டலை அவர் நாற்பது வருஷமாகப் பார்க்கிறார், உடனே பிடித்துவிடுவார். என்னைப் பார்க்க வேண்டாம். நான் போட்டோகொப்பிக்கு.

உங்கள் பெயரைச் சைகையில் எப்படிச் சொல்வார்?

காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள், ஆளில் கண்ணுக்குப் படுகிற ஒன்றைப் பிடித்து. மாமாவுக்கு மீசை, பெரியம்மாவுக்குக் கொண்டை, அப்பாவுக்குக் கையில் உள்ள வெட்டுக்காயம். எனக்கு என்னவென்று பல வருஷம் தெரியாது. ஒருநாள் வீடியோ கோலில் அக்கா தோழிகளிடம் என்னைக் காட்டி, உள்ளங்கையை முன்னால் வைத்து இரண்டு தரம் தள்ளினார். அவர்களும் அப்படியே செய்து சிரித்தார்கள். நான் யாருக்கோ பொறுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மாற்றச் சொல்லிக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டி இரண்டு தரம் தள்ளினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, மறுகா பார்ப்போம் என்றாரா, தெரியவில்லை.